கூட்டமில்லாத நேரத்தில் விழா

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அத்தையின் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் போனில் நல்லா இருக்கேன்மா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறாய், அந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாயா என்பதை மட்டும் உண்மையாக எழுது. போனிலேயே பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போடாமல் யாரையும் பேசவிடுவதில்லை, நான் சொல்லப்போவதோ அவரைப் பற்றி. தையல் மெஷின் ஊசி என் கட்டைவிரலில் இறங்கிவிட்டதால் சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. பயப்படாதே, ஆறிக்கொண்டு வருகிறது. நான் அந்த மனுஷன் என்று சொல்லும் இடத்திலெல்லாம் இவள் உன் அப்பா என்று திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள், அதையும் தெரிந்துகொண்டு படி.

விஷயம் இதுதான். காலேஜில் எங்கள் வாலிபால் டீமுக்குக் கேப்டனாக இருந்தாளே ஒட்டடைக்குச்சி, என் கல்யாணப் போட்டோவில் எல்லார் தலைக்கும் மேலே தெரிவாளே, அவள் பிறகு நாட்டுக்காகவும் ஆடினவள் இல்லையா, அவளுக்கு அடுத்த மாதம் விளையாட்டு மியூசியத்தை ஒட்டின மைதானத்தில் பாராட்டு விழா. வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒரு பழைய ஆட்டக்காரருக்கு நடப்பது, கூட்டம் அலைமோதும். அவளே போன் பண்ணினாள். நீ முன்னால உட்கார்ந்திருக்கணும்டி, நீ கண்ணுல படலேன்னா எனக்கு மேடையில பேச்சே வராது என்றாள். ஆட்டத்தில் பந்தைத் தூக்கிக் கொடுப்பது நான், அடிப்பது அவள். எம்பிக் குதிக்கும் முன்னால் ஒரு நொடி என் முகத்தைப் பார்ப்பாள். ஊர் பார்த்தது அடித்தவளைத்தான், அதில் எனக்கு வருத்தமே இல்லை, அவள் என்னைப் பார்த்தாள் என்பது போதும். அந்த ஒரு நாள் நான் அங்கே இருக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று எழுதச் சொன்னேன், போன மாசம் மிக்ஸி கேட்டீங்களேம்மா என்கிறாள் இவள். சரி, இரண்டாவது.

ஒரே நாளில் போய்த் திரும்பத் திட்டம் போடும் பொறுப்பை உன் அப்பா எடுத்துக்கொண்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராகவே இருந்து ஓய்வு பெற்றவர், வண்டி நேரத்துக்குக் கிளம்பினால் போதும் அவருக்கு, ஆள் ஏறினார்களா என்பதெல்லாம் கண்டக்டர் கவலை. சாப்பாட்டு மேசையில் இப்போது எங்களுக்கு இடமில்லை, மேப்பும் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும்தான். எந்த வாசலில் நிழல் இருக்கும், எந்தக் கழிப்பறையில் வரிசை குறைவு, அத்தை படி ஏறாமல் போக வழி உண்டா என்று மியூசியத்துக்கே போன் போட்டுப் போட்டு, அங்கே இருக்கும் பெண் இவர் ஹலோ என்றதுமே சொல்லுங்க சார், இன்னிக்கு என்ன என்கிறாளாம். திட்டம் என்னவோ அருமையான திட்டம், நெரிசலே கிடையாது. மியூசியம் திறந்ததும் உள்ளே நுழைகிறோம், காலியான ஹாலில் காற்றோட்டமாகச் சுற்றிப் பார்க்கிறோம், மரத்தடியில் சாப்பிடுகிறோம், ஜனம் வந்து குவிவதற்குள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு திரும்புகிறோம். ஜனம் வந்து குவிவதே விழாவுக்குத்தான் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

அப்போ விழா என்று கேட்டேன். அதான் டிவியில காட்டுவாங்களே, வீட்டுல இருந்து பாத்தா முகம் இன்னும் தெளிவாத் தெரியும் என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், அவரோ எனக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு நிற்கிறார். நீயும் போனில் அப்பா சொல்றது கரெக்ட்தாம்மா, கூட்டத்துல போய் மாட்டிக்காதீங்க என்றாய். முழுசாகக் கேட்காமல் தலையாட்டுவதில் நீ அவர் பிள்ளைதான். பெரியவனே சொல்லிட்டான் என்று மேப்பை மடித்து வைத்துவிட்டார். அந்த ஆத்திரத்தில் பக்கத்து வீட்டு டீச்சரின் ஜன்னல் திரையைத் தைக்கப்போய்த்தான் விரலைத் தைத்துக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன், நீங்க உங்க பஸ்ல திரும்பிடுங்க, நானும் சின்னவளும் விழா முடிஞ்சு வர்றோம் என்று. இருட்டிடும் என்றார், பஸ்ஸுல லைட் இருக்கும் என்றேன். அக்காவை யார் பாத்துக்கிறது என்று அத்தையைக் காட்டினார். அத்தை டம்ளரை டொக்கென்று கீழே வைத்தாள். ஏண்டா, கூட்டமில்லாம உட்காரணும்னா எனக்கு இந்த வராந்தா போதாதா, அதுக்கு எதுக்குடா அவ்வளவு தூரம், எனக்கு வலிக்கிறது முட்டிதான், கண்ணு இல்லை, நானும் இவளோடதான் வருவேன் என்றாள். அவ்வளவு அழகான திட்டத்துக்கு மிஞ்சின பயணி உன் அப்பா ஒருவர்தான்.

அதிலிருந்து ஆள் ஒரு மாதிரி இருக்கிறார். முன்வரிசைக்கெல்லாம் எத்தனை பாஸ் கொடுப்பாங்க என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்கிறார். சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கம்மா நெஜமாவே நல்லா ஆடுவாளா என்று விசாரித்திருக்கிறார், இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அதுவும் அப்போது பிறந்தே இராதவளிடம். நேற்று தன் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், என்ன விசேஷம் என்றால் சும்மாதான் என்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது, பாவம் கொஞ்சம் கம்மி.

வேறு விசேஷமில்லை. மாடித் தொட்டியின் ஒழுகலை ஒருவழியாக அடைத்துவிட்டோம். சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதைப்புத்தகம் படிக்கிறாள், இதை எழுதமாட்டேன் என்று அடம்பிடித்து இப்போதுதான் எழுதுகிறாள். நீ ஈரத் தலையோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே, காலுறை நனைந்தால் உடனே மாற்று. வேலையில் நல்ல பெயரெடுத்து, நோய்நொடி இல்லாமல், நாங்கள் பார்க்கப் பார்க்க நீ நன்றாக வாழவேண்டும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். ஒட்டடைக்குச்சி நான் கேட்காமலே நாலு பாஸ் அனுப்பிவிட்டாள். நாலாவது என் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. எனக்கும் வரணும்னு ஆசையா இருக்கு என்று அவர் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே எடுத்துக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் நீ முந்திரிக்கொட்டை மாதிரி அவரிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா