நீ கூப்பிடும் வரை குடிக்காத தண்ணீர்

அன்புள்ள வாண்டுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். உன் அப்பா ஜுரம் விட்டு நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தார். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நான் உன்னைவிடக் கொஞ்ச வயசுதான் பெரியவன், ஆனாலும் இதை எழுத வேறு ஆளில்லை. அப்பா வாயைத் திறக்க மாட்டார், அண்ணியோ "பிள்ளை மனசு நோகும், விடுங்க தம்பி" என்கிறார். நோகட்டும்.

முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து அப்பாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தும் போனில் "மனசு வச்சா அடக்கலாம்ப்பா, நீங்க என்ன சின்னப் பிள்ளையா" என்று சிரித்தாய். மனசுக்கு அங்கே வேலையே இல்லை. நான் வேலை பார்க்கிற லேபில் எலியின் சிறுநீர்ப்பைத் தசையில் ஒரு துண்டைக் கண்ணாடிக் குழாயில் கட்டி, நரம்பு விடுகிற அதே ரசாயனத்தைச் சொட்டுவிட்டுப் பார்ப்போம். நல்ல தசை அளவாகச் சுருங்கும். நரம்பு கெட்ட தசையோ, எவ்வளவு நீர்த்த சொட்டுக்கும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். செய்தி ஒழுங்காக வராமல் போனதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, கிசுகிசுத்தாலே துள்ளுகிறது. அவர் போடுகிற மாத்திரை அந்தக் காதில் கொஞ்சம் பஞ்சு வைக்கும், அவ்வளவுதான். கூடவே வாயும் வறளும்.

அப்படியும் இந்த மனிதர் தண்ணீரைத் தொடுவதில்லை. டம்ளரை நீட்டினால் "அப்புறம்டா, பாப்பா கூப்பிடுவா" என்று தள்ளிவைக்கிறார். வீடியோ காலில் பேச்சுக்கு நடுவில் எழுந்தால் நீ "எங்கப்பா போறீங்க, நான் பேசறது போரடிக்குதா" என்கிறாய், உடனே உட்கார்ந்துவிடுகிறார். உன் எதிரில் நனைந்துவிடக் கூடாதாம். பாசத்தில் நீ தினமும் கூப்பிடுகிறாய், அவர் தினமும் காய்கிறார். சிறுநீரில் கிருமி தொற்றிப் படுத்தது அப்படித்தான், அம்மா கவனிக்காததால் இல்லை. அம்மாவை நீ திட்டியதற்கு முதலில் மன்னிப்புக் கேள். இன்னொரு முறை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுவதையே நிறுத்திவிடாதே, அதையும் செய்வாய் நீ. பேச்சை ஆரம்பிக்கும்முன் அவரைக் குடிக்கச் சொல். நான் சொன்னால் "நீ போய் உன் எலியப் பாருடா" என்கிறார், நீ சொன்னால் கேட்பார். பாதியில் எழுந்து போனால் போகட்டும். எங்கே என்று கேட்காதே. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு. வந்து உட்கார்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பேசு.

நீ நல்லா இருக்கணும், உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபமும் ஆசியுமாக,
சித்தப்பா