ஆப்பிள் மாதிரி

அட்-பாஷி,
மார்ச் 9

பெகிமாயின் அப்பாவுக்கு சோனுன் எழுதுவது.

நானும் மகள் பெகிமாயும் நலம். மாமா இப்போது நலம். அந்த ‘இப்போது’ எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருப்பவர் காதில் விழும். அதனால் நோவோசிபிர்ஸ்க் வரும் எர்மெக்கிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உலர்ந்த தயிர் உருண்டையும் இருக்கிறது. வழியிலேயே அவர் பாதியைத் தின்றுவிடுவார், எண்ணிப் பார்க்காதீர்கள்.

ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்ட வேண்டுமாம், பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறாள்.

டயாலிசிஸுக்காக மாமாவின் நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்களே, அதன் கட்டு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை ஓரத்தில் பிரிந்திருந்தது. குளியலறையில் நீராவி பட்டிருக்கிறது. வேண்டாம் என்றால் கேட்கிறாரா? உள்ளே தோல் சிவந்திருந்தது. உடனே நாரின் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நர்ஸ் குல்சைரா, “தோல் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

மாமாவின் பெயரே சிவப்பில்தானே தொடங்குகிறது. மாமனார் பெயரில் இருக்கும் சொல்லை மருமகள் வாயால் சொல்லலாமா? எழுதினால் குற்றமில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு இங்கே எழுதுகிறேன். அன்று வாய் வரவில்லை. “ஆப்பிள் மாதிரி இருக்குக்கா” என்றேன்.

ஆப்பிள் மாதிரி என்றால் நம் ஊரில் தளதளவென்று நன்றாக இருப்பதாகத்தானே அர்த்தம்! அவளும், “அப்ப நல்லதாப் போச்சு, நாளைக்கு வழக்கம்போல கூட்டிட்டு வா” என்று வைத்துவிட்டாள். நானும் நம்பிவிட்டேன்.

மறுநாள் இயந்திரத்தில் போட்டு அரை மணி ஆகவில்லை, மாமாவுக்குக் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். காய்ச்சல் நாற்பதைத் தொட்டது. கட்டைப் பிரித்தால் சீழ். “இதையா ஆப்பிள்னு சொன்ன?” என்று குல்சைரா கத்தினாள். குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம். அந்தக் குழாயை எடுத்துவிட்டு, மருந்து ஏற்றி, மறுபக்கத்தில் வேறு குழாய் வைத்தார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. என் மூடத்தனத்தால் உங்கள் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் கண் திறந்தவரிடம் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவார் என்று நின்றேன். “என் பேரைக் காப்பாத்தறேன்னு என்னையே அனுப்பப் பாத்தியேம்மா” என்று சிரித்தார். “இங்க நான் உன் மாமனார் இல்ல, நோயாளி. சிவப்புன்னா சிவப்புன்னு சொல்லு. எங்க, இப்ப சொல்லு.” சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். அறையில் இருந்த எல்லா நோயாளிகளும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

இனி முக்கியமான விஷயம். குழாய் இருக்கும் வரை இந்த ஆபத்து மறுபடி வரலாம், அடுத்த முறை தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் சிறிய அறுவை செய்துவிட்டால் நெஞ்சில் குழாயே வேண்டாம். பிஷ்கெக் போக வேண்டும். மாமா அசைய மாட்டேன் என்கிறார். கேட்டால், “என் பையன் வரட்டும், பாக்கலாம்” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். நீங்கள் போனில் சொன்னால் சரி சரி என்பார், போக மாட்டார். அவர் காத்திருப்பது உங்கள் சொல்லுக்கு இல்லை.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். சாரத்தில் ஏறும்போது கவனம். உங்களை அல்லா காக்கட்டும்.

எழுதுகிறேன் என்று தெரிந்ததும் மாமா, “எல்லாரும் சௌக்கியம், அவசரப்பட்டு வர வேண்டாம்னு எழுது” என்றார். சரி என்று தலையாட்டினேன். கல்யாணமாகி வந்த ஒன்பது வருடத்தில் அவர் சொல்லை நான் மீறியது இதுதான் முதல் தடவை.

உங்கள்
சோனுன்