ஐந்தாம் வகுப்பின் முதல் வரி

2 ஜூன் 2006, வெள்ளி

காலையில் ட்ராம் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு சோதனைப் புள்ளிகளுடன் உட்கார்ந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் சோதனைப் பொறுப்பு என் தலையில் விழுந்து இரண்டு வருடம். இதுவரை கல்குலேற்றர்தான். ஐந்தாம் வகுப்பில் ஐந்தே பிள்ளைகள், அதை மட்டும் இம்முறை கணினியில் போட்டுப் பார்ப்போம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாதே.

மேலே, ஒன்றன் கீழ் ஒன்றாக, ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஐந்து வகுப்புகளின் மொத்தப் புள்ளிகள்: 75, 85, 90, 95, 100. ஐந்தாம் வகுப்புக்கு 75. பட்டியலில் எங்கள் ஜெனிதாதான் முதல். அவள் எடுத்தது 60. அதை 75ஆல் வகுத்து நூற்றுவீதமாக்கும் கணக்கை அவள் வரியில் எழுதி, மற்ற நால்வருக்கும் கீழே இழுத்து விட்டேன். ஒரு நொடிதான்! ஜெனிதாவுடையதைக் கல்குலேற்றரில் சரிபார்த்தேன். 80 வீதம். சரி.

மனைவி சிறிதேவி எட்டிப் பார்த்தாள். "மகளின்ரையை மட்டும் பாத்தால் காணுமோ?"

"எல்லாருக்கும் ஒரே கணக்குத்தானே" என்றேன். பெரிய மேதை நான்.

10 ஜூன், சனி

பெறுபேறு சுவரில் ஒட்டியாயிற்று. ஜெனிதா முதலாமிடம்! மயூரா 78. துஷ்யந்தன் 45, பெயில். பையன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நாங்கள் ஐஸ்கிறீம் குடித்தோம்.

11 ஜூன், ஞாயிறு

துஷ்யந்தனின் தாய் கனகேஸ்வரியக்கா தொலைபேசியில் பேசினார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. தாளிலை எழுபத்தைஞ்சுக்கு நாற்பத்தைஞ்சு எண்டு ரீச்சர் போட்டிருக்கிறா. சுவரிலையும் நாற்பத்தைஞ்சு வீதம் எண்டு கிடக்கு. அதெப்பிடி?"

கல்குலேற்றரை எடுத்தேன். 60 வீதம். பையன் பாஸ். மற்றவர்களையும் பார்த்தேன். மயூராவுக்கு 88, அவள்தான் முதலாவது. நான்கு பிள்ளைகளுக்கும் பிழை. சரியாக இருப்பது ஒன்றே ஒன்று, அது என் மகளுடையது! யார் நம்புவார்கள்? வேறொருவன் செய்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

"நீங்கள் வேணுமெண்டு செய்தது எண்டு நான் நினைக்கேல்லை. சனம் கதைக்க முதல் உங்களுக்குச் சொல்லுவம் எண்டுதான் எடுத்தனான். என்ரை பெடியன் இனித் தமிழ்ப் பள்ளிக்கூடம் வரமாட்டனாம்."

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த மனுசிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

12 ஜூன், திங்கள்

மயூராவின் தாய் உமையாள் காரைக்குடிக்காரி, கணினி வேலை செய்கிறவர். புருசெத் பகுதியில் உள்ள அவர்கள் வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று நின்றேன். "உள்ள வாங்கண்ணா" என்றார்.

கோப்பைத் திறந்து பார்த்தார். "கீழ இழுத்தா அந்த எழுபத்தஞ்சும் அப்படியே நிக்கும்னு நினைச்சிட்டீங்க. அது நிக்காது, ஒவ்வொரு கட்டமா இறங்கிடும். மயூராவுக்கு எண்பத்தஞ்சால வகுத்திருக்கு பாருங்க. கடைசிப் பையனுக்கு நூறால."

கணக்கில் அந்த 75ஐக் குறிக்கும் B1 என்ற இடத்தில் வைத்து F4 விசையை அமுக்கினார். எழுத்துக்கு முன்னால் ஒன்று, எண்ணுக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு டொலர் குறிகள் வந்தன. "இனி நகராது." மறுபடி இழுத்தார். 80, 88, 72, 76, 60.

"நானும் ஆபீஸ்ல இதே தப்பப் பண்ணியிருக்கேன்" என்று காப்பி தந்தார். தன் மகளின் முதலிடத்தைப் பறித்தவனுக்குக் காப்பி!

13 ஜூன், செவ்வாய்

ஜெனிதாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் முதலாவது இல்லையோ?"

"இல்லையம்மா. அப்பா விட்ட பிழை."

கொஞ்சம் அழுதாள். பிறகு, "துஷ்யந்தன் பாஸோ?"

"ஓம்."

"அப்ப சரி." என்றாலும் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். பத்து வயதுக்கு இவ்வளவு மனம் போதும். என் பிள்ளை.

17 ஜூன், சனி

பரிசளிப்பு. மைக்கை வாங்கி எல்லோர் முன்னாலும் என் பிழையைச் சொன்னேன். "மகளுக்கு மட்டும் கொம்பியூட்டர் சரியாய் வேலை செய்யுதாம்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துஷ்யந்தன் வந்திருந்தான். சான்றிதழை வாங்கினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது நியாயம்தான்.

26 ஓகஸ்ட், சனி

பாடசாலைப் பொதுக்கூட்டம். இந்த வருடப் பொறுப்புகளுக்கு ஆள் தெரிவு. என்னை யாரும் கேட்கப்போவதில்லை என்று கடைசி வரிசையில், உடுப்புக் கொழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"சோதனைப் பொறுப்பு?" என்றார் தலைவர் யோகலிங்கம்.

கனகேஸ்வரியக்கா எழும்பினார். "ஜெகதீஸ்வரனை முன்மொழியிறன்." என் பெயர்!

"வழிமொழியறேன்." உமையாளின் குரல்.

ஓம் என்று சொல்ல எழுந்தேன். கையை மட்டும் தூக்கினேன். யோகலிங்கம் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்.