இடுப்பளவு தண்ணீருக்கு ஒரு நங்கூரம்

வெள்ளையடிக்க ஆள் வருகிறது என்று நம் மகள் இன்று காலை பரணை ஒழித்தாள். பத்து நாளைக்கு முன்னால் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியும் கையுமாகத் தனியே வந்தவள் அவள். ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிழிந்த பாய், உங்கள் சைக்கிள் டைனமோ எல்லாம் இறங்கிய பிறகு, கடைசியாக ஒரு கோணிச் சுருட்டை இழுத்துத் தள்ளினாள். அது தரையில் விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் செய்த நங்கூரம். நடுவில் ஒரு தண்டு, நாலு பக்கமும் நாலு கொக்கி. இடுக்கில் காய்ந்திருந்த ஏரிச் சேற்றைச் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். துரு வாசனைதான் வந்தது. "இரும்புக்காரர் தெருவுலதான் நிக்கிறார், போட்டுடலாமாம்மா?" என்றாள். கொஞ்சம் இரு என்றுவிட்டு, காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் தர்மபுரிக்காரர். உங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை என்று நீங்களே சொல்வீர்கள். நான் பழவேற்காட்டில் படகுக்காரர் வீட்டில் பிறந்தவள். கொரட்டூரில் சித்தி வீட்டில் தங்கி அம்பத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலைக்குப் போனேன். நீங்கள் ஆவடி தொழிற்சாலையில் லேத் மிஷினில் நின்றீர்கள். ரயிலில் பார்த்து, பேசி, பதிவாபீசில் மாலை மாற்றிக்கொண்டோம். என் நைனா சித்தியிடம் ஒரே ஒரு சேதி சொல்லியனுப்பினார், இனி என் படகுப் பக்கம் அவள் வரக்கூடாது என்று. அதற்கப்புறம் பத்து வருஷம் பேச்சே இல்லை.

அந்தப் பத்து வருஷமும் நான் தண்ணீரைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. கோவில்பதாகை ஏரிக்கரையோரம் பஸ் போகும்போதெல்லாம் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். நீங்கள் அதைக் கவனித்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வந்து, ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம் பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். மீனில் முள் எடுக்கத் தெரியாத மனுஷனுக்குப் படகு எதற்கு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது நங்கூர ஆராய்ச்சி. படகு ஒரு இடத்தில் நின்றால்தானே தூண்டில் போட முடியும்? குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டீர்கள். உங்கள் ஷிப்டுக்காரர் ஒருவர் பெரிய கல்லைக் கட்டச் சொன்னார். இன்னொருவர் பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றி வளையம் பதிக்கச் சொன்னார். கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டுக்காரர் நாலு கொக்கி நங்கூரம்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். நீங்கள் நோட்டைத் திறந்து ஸ்கேல் வைத்துப் படம் போட்டீர்கள். மூன்றடி தள்ளி நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஊரையே கேட்ட மனுஷன் என்னை மட்டும் கேட்கவில்லை. எனக்கும் வீம்பு, கேட்காதவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அந்த ஏரியில் இடுப்பளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு. அதில் கொக்கியைப் போட்டால் ஒன்று உழுதுகொண்டே வரும், இல்லாவிட்டால் எதிலாவது மாட்டிக்கொண்டு வரவே வராது. பழவேற்காட்டில் ஆழமில்லாத இடத்தில் நைனா நங்கூரத்தைத் தொடவே மாட்டார். படகுக்கு முன்னால் ஒரு கழி, பின்னால் ஒரு கழி, இரண்டையும் சேற்றில் ஊன்றிக் கட்டிவிடுவார். ஒரே கழி என்றால் காற்றுக்குப் படகு சுற்றும். இது ஏழு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நீங்கள் மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலமாக அந்தக் கொக்கிகளை அரத்தால் ராவியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சும்மா வா என்று என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். சைக்கிள் கேரியரில் அந்த நங்கூரம், பச்சைப்பிள்ளை மாதிரி துண்டில் சுற்றி. கரையில் இருந்த மீன்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஏரில உடவா, கப்பல்ல உடவா இத்த செஞ்சிகினு வந்துகீற?" என்றார். நீங்கள் அவரைச் சட்டை செய்யவில்லை. படகை நீங்கள் மூங்கில் கழியால் தள்ளினால் அது வட்டமடித்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூங்கிலை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பத்து வருஷம் கழித்து என் கையில் ஒரு கழி. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அன்று உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

நங்கூரத்தை எறிந்தீர்கள். அது எங்கோ ஒரு பழைய வேரில் மாட்டியது. "பாத்தியா, நின்னுடுச்சு" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பதற்குள் படகு அரைவட்டம் போட்டுவிட்டது. தூண்டில் கயிறெல்லாம் சிக்கல். போதும் என்று நங்கூரத்தை இழுத்தால் வரவில்லை. ஓரத்தில் சாய்ந்து இரண்டு கையாலும் இழுத்தீர்கள். படகு சரிந்தது, நீங்கள் தண்ணீருக்குள் போனீர்கள். நீந்தத் தெரியாத மனுஷன் கையை அடித்துக்கொண்டு என்னைப் பெயர் சொல்லிக் கத்தினீர்கள். எனக்கும் ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. மூங்கிலை உங்கள் பக்கத்தில் ஊன்றி, "இதப் புடிங்க. எழுந்து நில்லுங்க, இடுப்புத் தண்ணிதான்" என்றேன்.

எழுந்து நின்றீர்கள். சேற்றில் கால் புதைந்ததால் தண்ணீர் மார்புக்கு வந்தது. தலையில் ஏரிப்பாசி. நான் சிரித்த சிரிப்புக்குக் கரையில் இருந்த மீன்காரரும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை.

"இது நிக்காதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் கேக்கல?"

முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கேட்டா உங்கப்பா ஞாபகம் வந்து அழுவியோன்னு பயந்தேன். என்னக் கட்டிகிட்டதுல உனக்குத் தண்ணியே இல்லாம போச்சேன்னுதான் படகே வாங்கினேன்." என் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம் என்று விடியலிலேயே போனீர்கள். சாயங்காலம் வந்தபோது தோளில் இரண்டு சவுக்குக் கழி, தோல் சீவி வழுவழுவென்று. பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறீர்கள். நைனா முன்னால் போய் நின்று, இன்னார் என்று சொன்னதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நீங்கள் சமாதானம் எதுவும் பேசவில்லை. இடுப்பளவு தண்ணீர், கீழே சேறு, சின்னப் படகு, என்ன நங்கூரம் போடலாம் என்று மட்டும் கேட்டீர்களாம். மருமகனுக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிடுவார் அவர். படகைப் பற்றிக் கேட்டால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சேற்றில் போய் எவனாவது நங்கூரம் போடுவானா என்று ஒரு மணி நேரம் திட்டிவிட்டு, அவரே போய்க் கழி பார்த்து எடுத்தாராம். பஸ் ஏறும்போது, "எப்டி ஊணுறதுன்னு அவளக் கேளு. அவளுக்குத் தெரியும்" என்றாராம்.

அந்தக் கழியைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே அழுதேன். நீங்கள் பயந்தது நடந்தேவிட்டது. நீங்களும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அடுத்த மாதம், கழியைச் சரியாக ஊன்றுகிறோமா என்று பார்க்கும் சாக்கில், ஒரு பை இறாலோடு நைனாவே வந்து இறங்கினார்.

கழிகள் மக்கிப் போயின. ஏரியில் ஆகாயத்தாமரை மூடியதும் படகையும் கொடுத்துவிட்டோம். மீன்காரர் முங்கி எடுத்து, "சார், உங்க கப்பல் சாமான்" என்று கொடுத்த நங்கூரம் மட்டும் மிச்சம்.

உங்கள் கடைசி மாதங்களில் இதே அறையில் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை தர்மபுரிக்குப் போய் உங்கள் கிணற்றடியில் உட்கார ஆசையாக இருக்கிறதா என்று கேட்க தினமும் நினைப்பேன். கேட்டால், நீங்கள் போகப்போவது எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமே. அந்தப் பயத்தில் கேட்கவே இல்லை. அன்று ஏரியில் உங்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். பயந்துகொண்டு கேட்காமல் இருந்த அதே தப்பைச் செய்துவிட்டு இன்னும் தவிக்கிறேன். ஆசை இருந்ததா? ஒரு வார்த்தை நீங்கள் சொல்லக் கேட்க மாட்டேனா என்று இருக்கிறது.

இரும்புக்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். சமையலறையில் மகள் விளக்கின பாத்திரத்தையே திரும்ப விளக்குகிற சத்தம் கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் போய், அங்கே என்ன நடந்தது என்று அவளைக் கேட்கப் போகிறேன். அழுதால் அழட்டும். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.