தலைகீழாக மாட்டிய எட்டுக் கம்பிகள்

இன்று காலை பற்றவைப்புக் கோலின் நுனியில் பிசின் புகைந்தபோது உன் நினைவு வந்தது. மேசையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர். அது சொல்லும் எண்களை மின்னழுத்தமாக மாற்றித் தரும் சின்னச் சில்லு ஒன்று பக்கத்தில். இப்போதெல்லாம் இரண்டையும் இணைக்க நாலு கம்பி போதும். இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போடத்தான் கை வரவில்லை. அறையில் யாருமே இல்லை, இருந்தும் முகம் சுட்டது.

எழுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் நான் தொழிற்பயிற்சி ஆசிரியன். உனக்கு அபர்டீன் பஜாரில் துணிக்கடை. மெயின்லேண்டிலிருந்து எங்கள் பள்ளிக்குக் கப்பலில் ஒரு மைக்ரோபிராசசர் பலகை வந்தது. மாற்றும் சில்லு கிடைக்கவில்லை. மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி நானே ஒன்று செய்தேன். பலகையிலிருந்து அந்த ஏணிக்கு எட்டுக் கம்பிகள், அங்கிருந்து ஒரு முள் மீட்டர். எண் ஏற ஏற முள்ளும் சீராக ஏறும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன், உன் கடை வாசலில் நின்றும்கூட.

பள்ளிக் கண்காட்சியன்று முள் மேலே பாய்ந்தது, கீழே விழுந்தது, துடித்தது.

"மாஸ்டர்ஜி, இஸ்கோ புகார் ஹை க்யா?" என்றார் தலைமை விருந்தினர். மீட்டருக்குக் காய்ச்சலா என்று அவர் கேட்டதும் கூடமே சிரித்தது. என் மாணவர்களும் சிரித்தார்கள். பின்வரிசையில் நீ மட்டும் சிரிக்காமல் நின்றாய். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பெரிய மதிப்புக்கான கம்பி சின்னதன் இடத்தில், சின்னது பெரியதன் இடத்தில். எட்டும் வரிசை மாறியிருந்தன. அதற்குப் பின் பஜார் பக்கமே நான் வரவில்லை. பள்ளிக்குக் கடலோரமாகச் சுற்றிப் போனேன். மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்டுக்கே போய்விடலாம் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவிதான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வந்தாய்.

"என்னப்பா, மீன் வாங்கக்கூட பஜாருக்கு வரமாட்டியா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? கம்பியத் தலைகீழா மாட்டிட்டேன்."

"கம்பிதானே தலைகீழாப் போச்சு, நீ போகலையே. திரும்ப மாட்டிக் காட்டு. ஆளுங்கள நான் கூட்டிட்டு வர்றேன்."

மறுவாரம் மீட்டரோடு அதே கூடத்தில் காத்திருந்தேன். நீ தனியாக வந்தாய், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில். கடை கடையாக ஏறிக் கூப்பிட்டிருக்கிறாய்.

"எல்லாரும் காம் ஹை, காம் ஹைங்கிறாங்க, வேலையிருக்காம். பரவால்ல, நீ போடு."

போட்டேன். முள் ஒரு நடுக்கமும் இல்லாமல் கடைசிக் கோடு வரை ஏறியது. நீ கைதட்டினாய். காலிக் கூடத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்காக நீ அத்தனை வாசல்களில் நின்று கேட்டதை நினைத்தபோது, அன்று எல்லோரும் சிரித்ததைவிட அதிகமாகக் கூசிப்போனேன். தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போதும்ப்பா, நிறுத்து."

"நீ தலையத் தூக்கு, நிறுத்துறேன்."

நான் தூக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தாய்.

மாற்றல் கேட்கவில்லை, இங்கேயே ஓய்வும் பெற்றேன். நீ கண்ணை மூடிய பிறகு இரண்டு மழைக்காலம் வந்து போய்விட்டது. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை, இனிப் போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் எங்காவது யாரோ செய்துகாட்டும் ஒன்று கூட்டத்துக்கு முன்னால் படுத்துவிட்டால், மற்றவர்கள் எழுந்து போன பிறகும் என்னால் எழ முடிவதில்லை. அந்த ஆள் தன் சாமான்களையெல்லாம் எடுத்துவைத்து முடிக்கிற வரை உட்கார்ந்திருக்கிறேன்.