சாய்ந்து நின்ற வண்டி

மாப்ள,

உன் பழைய ஸ்டியரிங் இப்போது என் வீட்டு முன்சுவரில் ஆணியில் தொங்குகிறது. கண்ணேறு பூசணிக்காய் கட்ட வேண்டிய இடத்தில் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும். காலையில் செருப்பை மாட்டக் குனியும்போது அதன் வாசம் வரும். டீசலும் வியர்வையும் மாங்காய்ப் பாலும் சேர்ந்து ஊறிய வாசம். நீ இறுக்கிச் சுற்றிய கறுப்பு டேப் வெயில் ஏறியதும் இளகி, தொட்டால் கையில் ஒட்டுகிறது.

அதை வண்டியிலிருந்து கழற்றச் சொன்னது நான்தான். உனக்குக் கோபம் வரும், வரட்டும். "கம்பெனிக்காரன் போட்டதுக்கு மேல நமக்கென்னடா தெரியும்?" என்று வாழ்நாள் முழுக்க என் வாயை அடைத்தாயே, அதற்கு இப்போதுதான் என்னிடம் பதில் இருக்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு.

உன் தோப்புக்கும் என் தோப்புக்கும் நடுவே ஒரு வேலிதான். நம் முதலமடையில் மாங்காயை மரத்திலேயே குத்தகைக்காரனுக்கு விட்டுவிட்டு, அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டுவதுதான் வழக்கம். அது போதும், காயை நாமே பொள்ளாச்சி மண்டிக்குக் கொண்டுபோவோம் என்று இருவரும் சேர்ந்து வாங்கிய சின்ன பிக்கப் அது. ஓட்டுவது நீ. இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவது நான். லைசென்ஸ் எனக்கும் உண்டு. ஆனால் என் வயிற்றுக்கும் அந்த ஸ்டியரிங்குக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை.

வாங்கிய நாளே நமக்குள் சண்டை. ஹாரனை மாற்றலாம் என்றேன். "கம்பெனிக்காரன் முட்டாளா?" என்றாய். காய்ப்பெட்டி இன்னும் ஒரு வரிசை அடுக்கப் பக்கப்பலகையை உயர்த்தலாம் என்றேன். அதற்கும் அதே கேள்வி. சீட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்க விடவில்லையே நீ! பங்குனி வெயிலில் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் வேட்டி ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம். கால்வாய்ப் பாலத்து வளைவில் ஸ்டியரிங் திரும்பாமல் நீ சீட்டிலிருந்து பாதி எழுந்து மல்லுக்கட்டுவாய். பவர் ஸ்டியரிங் என்று ஒன்று இருக்கிறது மாப்ள என்பேன். "அது கையில்லாதவனுக்குடா" என்பாய், மூச்சு வாங்கிக்கொண்டே.

அந்த மண்டிச் சிரிப்பை நீ மறந்திருக்க மாட்டாய். வண்டி உள்ளே நுழையும்போதே ஒரு தரகர் கத்தினார். "ஏனுங், லோடெல்லாம் ஒரே பக்கமா ஏத்திப்போட்டீங்களா? வண்டி ஒருக்களிச்சு வருதுங்க!" நான் இறங்கினேன். வண்டி நிமிர்ந்தது. மண்டியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனேன். முட்டி வலி என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் முட்டி வலி தீருமா என்று நீ கேட்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாய். அந்தக் கேவலமான கம்பெனி ஹாரன்.

"ஏறுடா. டயர்ல காத்து கம்மியா இருந்துருக்குது. அடிச்சாச்சு, இனிச் சாயாது."

ஏறினேன். சாயவில்லை. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மண்டியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தியா, காத்துதான்" என்றாய். நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? கண்ணில் பட்ட வண்டிக்காரனுக்கெல்லாம் காற்று சரியாக அடிப்பதன் அருமையைப் பற்றிப் பாடம் நடத்தினேன்.

ஆடிக் காற்றோடு நீ போய்விட்டாய். சொல்லிக்கொள்ளக்கூட விடாத காய்ச்சல். வண்டி உன் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது. ஒருநாள் அதைப் பார்க்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆளில்லாத வண்டி வலப்பக்கம், நீ உட்காரும் பக்கம், லேசாகச் சாய்ந்து நின்றது. காற்று எல்லாச் சக்கரத்திலும் சரியாகத்தான் இருந்தது, அமுக்கிப் பார்த்தேன்.

"பாரு அம்மணி, வாயில்லாச் சீவன். அவன் உக்கார்ற பக்கமே சாஞ்சு நிக்குது" என்று உன் வீட்டுக்காரி சரோஜாவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் கொட்டகைக்குக் கூட்டிப்போய் அந்தச் சாய்வைக் காட்டினேன். பார்த்தவர்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

மார்கழியில் மரங்களில் பிஞ்சு இறங்கிவிட்டது. பழைய வண்டி வாங்கும் புரோக்கர் உன் வாசலில் வந்து நின்றான். அன்றைக்குச் சாயங்காலமே சரோஜா வேலியருகே வந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, இந்த வருசம் காய நானே மண்டிக்குக் கொண்டு போறனுங்க. லைசென்ஸ் இருக்குது, தகிரியமும் இருக்குது. அந்த ஸ்டியரிங்தான் அசைய மாட்டேங்குது, காலும் எட்ட மாட்டேங்குது. என்னால ஓட்டற மாதிரி வண்டியப் பண்ணிக் குடுங்க. இல்லீன்னா பொங்கலுக்கு முன்னால வித்துப்போடலாமுங்க. சும்மா நிறுத்தி வெச்சுக் கும்புடறதுக்கு வண்டி எதுக்குங்ணா?"

அவள் சொன்னது நியாயம். வண்டி போனால் அவள் காய் மறுபடி குத்தகைக்காரன் கைக்குப் போகும். பின்னாலேயே என் காயும் போகும். நீயும் நானும் கட்டிய பிழைப்பு ஒரு புரோக்கரின் கையில் போய் நின்றது. சரி, கை வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். உன்னிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டேன். நீ வழக்கம்போலக் "கம்பெனிக்காரன்" என்று ஆரம்பித்தாய். சும்மா இருடா என்றுவிட்டேன்.

பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப் துரைசாமியிடம் வயிற்றை எக்கிக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். வழி நெடுக வண்டி வலப்பக்கம் சாய்ந்தே வந்தது. வேறென்ன, நம்ம பாரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் இறங்கிய பிறகும் அது முழுசாக நிமிரவில்லை. துரைசாமி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இத ஓட்டிட்டிருந்தவரு நல்ல பாரமான ஆளுங்களா?"

"அவனா? ஆடிக்காத்துக்கு வேலியப் புடிச்சுட்டு நிக்கற ஆளு."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். பின் அச்சின் மேல் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்களே, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள், அவற்றைத் தட்டித் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இடப்பக்கச் சக்கரத்துக்கு அடியிலிருந்தே பேசினார்.

"இக்கட்டால ஒரு பட்டை சாஸ்தியா கெடக்குதுங்க. அக்கட்டால இல்ல."

"கம்பெனியில போட்டதா இருக்கும்."

"கம்பெனிக்காரன் எங்கீங்க ஒரு பக்கம் மட்டும் போடுவான்? இது ஆரோ அளவு சொல்லி, வளைச்சு வாங்கிப் போட்டிருக்காங்க. அருமையான வேலை. இடப்பக்கம் எந்நேரமும் பாரமா ஆராச்சும் உக்காருவாங்களாட்ட இருக்குது…"

சொல்லிக்கொண்டே வெளியே வந்த துரைசாமி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார். அப்புறம் ஸ்பேனரைத் தேடுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார்.

அட பாவி! காத்து கம்மியாம், காத்து! ஒரு ஹாரனை மாற்ற விடாதவன், சீட்டு உறையில் கை வைக்க விடாதவன், எனக்குத் தெரியாமல் வண்டிக்கு அடியில் பட்டை போட்டிருக்கிறாய். நான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போன நாட்களில் நீ எந்தப் பட்டறையில் போய், என் எடையை என்ன கணக்குச் சொல்லி, அதை வளைத்து வாங்கினாய்? ஆயுசுக்கும் மூச்சு விடவில்லையே. அங்கிருந்த டயர்மேல் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. துரைசாமி டீ சொல்லி அனுப்பினார்.

கம்பெனிக்காரன் போட்டதுக்கு மேல நமக்கென்ன தெரியும் என்று கேட்டாயே, பக்கத்தில் உட்காருகிறவன் யார் என்று கம்பெனிக்காரனுக்குத் தெரியாது மாப்ள. உனக்குத் தெரிந்திருந்தது.

சரோஜாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வண்டி அவனைத் தேடிச் சாயவில்லை அம்மணி, எனக்காக அவன் இடப்பக்கத்தைத் தூக்கி வைத்தது, நான் இல்லாததால் வலப்பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் என்றேன். என்னோடு சேர்ந்து அழுத அழுகையையெல்லாம் திருப்பிக் கேட்பாளோ என்று பயந்தேன். அவள் சிரித்தாள். நீ போனதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

"பிரியமா ரண்டு வார்த்த பேச அவருக்கு எங்கீங்ணா வந்துச்சு? பட்டைதான் போட வந்திருக்குது."

துரைசாமி இரண்டு வழி சொன்னார். கூடுதல் பட்டையைக் கழற்றிவிடலாம், இல்லாவிட்டால் வலப்பக்கமும் ஒன்று போட்டு மட்டமாக்கலாம். இரண்டும் வேண்டாம் என்றேன். லோடு ஏற்றினால் வித்தியாசம் தெரியாது, காலியாகப் போகும்போது இடப்பக்கம் ஒரு ஆள் இருந்தால் மட்டமாக நிற்கும் என்றார். "நல்ல பாரமான ஆளா இருக்கோணும்" என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சரோஜாவிடம் நான் சொல்லவில்லை. தனியாக ஓட்டவேண்டும் என்று ஆசைப்படுகிறவளிடம் எனக்கும் ஒரு சீட்டு வை என்று கேட்க வாய் வரவில்லை.

மற்றதெல்லாம் அவள் இஷ்டப்படி நடந்தது. பவர் ஸ்டியரிங் வந்தது. அவள் கால் எட்டும்படி சீட்டை உயர்த்தி முன்னே தள்ளினார்கள். கண்ணாடிகள் பெரிதாயின, பக்கப்பலகை உயர்ந்தது. ஹாரனையும் மாற்றியாயிற்று, மன்னித்துக்கொள். கூரைமேல் வரிசையாக லைட் போடலாம் என்றேன். "கோவிந்தாபுரம் தாண்டறதுக்குள்ள புடிச்சு நிறுத்துவாங்க, பேசாம இருங்ணா" என்று அவளும் உன்னைப்போலவே வெட்டினாள். மாற்றியதையெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி முறையாக அனுமதியும் வாங்கினாள். பிளாஸ்டிக் உறையை அவளே இழுத்துக் கிழித்தாள். உள்ளே சீட்டு நேற்று வாங்கியதுபோல இருந்தது. அதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

தை பிறந்து முதல் பறிப்பு. இரண்டு தோப்புக் காயும் ஏற்றியாயிற்று. நான் வேலியோரம் நின்று கைகாட்டி அனுப்பத் தயாராக இருந்தேன். அவள் இடப்பக்கக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள். நான் ஏறினேன்.

கால்வாய்ப் பாலத்து வளைவு வந்தது. நீ பாதி எழுந்து நின்று மல்லுக்கட்டுவாயே, அதே இடம். சரோஜா ஒரு கையால் சுழற்றித் திருப்பினாள். மறு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் வெளியே யார் தோப்பில் பூ அதிகம் என்று பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மண்டியில் அதே தரகர்தான் நின்றார். தலை நரைத்திருந்தது. "அட, அம்மணியே ஓட்டிட்டு வந்துட்டாங்களா! வண்டி புதுசுங்களா?" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காய் இறங்கியது, நல்ல விலைக்குப் போனது. வண்டி காலியாயிற்று. தரகரும் இன்னும் நாலுபேரும் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். டீ குடித்து வரலாம் என்று நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன்.

"இறங்காதீங்ணா" என்றாள் சரோஜா, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "நீங்க இறங்குனா வண்டி சாயுதுங்க."

காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். டீயை வண்டிக்கே கொண்டுவரச் சொன்னோம், மாப்ள.