கடைசி வளைவில் சலிக்காமல் விட்ட சாம்பல்

அன்பு மச்சான் காதருக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. நாம ஓடிப் பழகின சாம்பல் தடத்தில் புல் முளைத்துவிட்டதாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை. ரயில் ஷெட்டில் வேலை முடிந்ததும் சுற்றுவழியாக வீட்டுக்குப் போகிறேன்.

வேகமாக ஓடிப் பழக இந்தச் செங்கல்பட்டில் நல்ல தரை கிடைக்காமல் எத்தனை அலைச்சல் நமக்கு! தார் ரோட்டில் ஓடினால் முழங்காலுக்குக் கீழே எலும்பு குடைந்தது. கொளவாய் ஏரித்தரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரே சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய்க் கடலோரத்திலும் ஓடிப் பார்த்தோம். காய்ந்த மணலில் கால் புதைந்தது. ஈர மணலோ கடல் பக்கமாகச் சரிந்து கிடந்ததில் உனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை என் மிதியைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாய்.

கடைசியில் என் வேலையிலேயே வழி கிடைத்தது. இன்ஜின் சாம்பலை அள்ளிக் கொட்டுவதுதானே என் பிழைப்பு? மேஸ்திரியிடம் கேட்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் அதைக் கொட்டினோம். மணல் சலிக்கிற சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளித்து மிதித்தோம். முதல் நாள் ஓடிவிட்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னா சொகமா கீது மச்சான். காலு தானா போவுது."

கடைசி வளைவு மட்டும் பாக்கி. கல்லும் இரும்புத் துண்டும் கலந்த சாம்பல் அது. மெட்ராஸில் கால் மைல் பந்தயத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சலித்தாயா என்று கேட்டாய். எனக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது, சலித்தாயிற்று என்றேன். நம்மிடம் இருந்தது ஒரே ஜோடி ஆணி பூட்ஸ். அன்றைக்கு உன் முறை. நான்தான் கெஞ்சி வாங்கி, விரல் பக்கம் துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். நீ வெறுங்காலோடு ஓடினாய்.

அந்த வளைவில் உன் உள்ளங்காலில் இரும்பு ஆழமாகத்தான் ஏறியிருந்தது, ரத்தம் மட்டும் கொஞ்சம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினோம். "வூட்ல சொல்லாத மச்சான், ஓட வுட மாட்டாங்க" என்றாய். யாராவது கேட்டால் முள் குத்தியது என்று சொல்வதாகப் பேசிக்கொண்டோம். எட்டாம் நாள் உனக்கு ரணஜன்னி கண்டு வாய் பூட்டிக்கொண்டது. அன்றைக்கே வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாமே என்றார் தர்மாஸ்பத்திரி டாக்டர். அவரிடமும் முள் என்றுதான் சொன்னேன். பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமைதோறும் உன் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள். போன வாரம் குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்கள்:

"ஏன்டா தாசு, நீங்க ஓடுன எடத்த போய்ப் பாத்துட்டு வந்தேன். அங்க ஒரு முள்ளுச் செடிகூட இல்லியேடா?"

பாதிச் சோற்றில் உடம்பு சரியில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை இலையில் உட்காருவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு இலை போடுவார்களோ என்னவோ. பூட்ஸையும் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறேன். அன்றைக்கு அது உன் முறை என்பதையும் சொல்வேன், மச்சான்.

இன்னும் உன் மச்சான் என்றே சொல்லிக்கொள்ளும்,
தாஸ்